கச்சேரி முடிந்ததும் பாட்டு விற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குழு சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறது. பம்பை, உடுக்கை, சிலம்பு, ஆர்மோனியம், பாடுகிறவர்கள் என்று ஒன்பது பேர். நான் பாடுவதில்லை. கச்சேரி நடக்கும் இடத்தில் மேசை போட்டு எங்கள் பாட்டுப் பதிவுகளை விற்பது என் வேலை. மற்ற குழுக்காரர்கள் போனிலும் பண்டிகைப் பந்தலிலும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, கீழே பதில் கொடுத்திருக்கிறேன்.

கச்சேரிக்குத்தான் காசு குடுத்துடறாங்களே, அப்புறம் எதுக்குங்கக்கா பாட்டு வேற விக்கணும்?

கச்சேரிக் காசு கைக்கு வரும்போதே பாதி போய்விடுகிறது. வேன் வாடகை, டீசல், சாப்பாடு, சில இடங்களில் மைக் செட். மிச்சத்தை ஒன்பதாகப் பிரித்தால் ஒருவருக்கு எவ்வளவு நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். அதுவும் ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை நேரத்தில் ஒரே நாளில் இரண்டு ஊர் கூப்பிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் போன் அடிக்கவே அடிக்காது.

மேசையில் வரும் காசு வேறு வகை. அதற்கு நாம் கூடுதலாகப் பயணம் போகவில்லை, இன்னொரு முறை தொண்டையைக் கிழிக்கவில்லை. ஒரு முறை பதிவு செய்த பாட்டு மூன்று நான்கு வருடம் விற்கும். நடுவில் கம்பெனி, கடைக்காரர் யாரும் இல்லாததால் செலவு போக மிஞ்சுவது முழுக்கக் குழுவுக்கே.

இப்ப யாருங்க சி.டி. வாங்கறாங்க? எல்லாரும் போன்லயே கேட்டுக்கறாங்களே?

உண்மைதான். புதிதாக வரும் கார்களில் சி.டி. போடும் இடமே கிடையாது. ஆனால் கச்சேரி முடிந்து மேசைக்கு வருகிறவர், பாட்டு வேறெங்கும் கிடைக்காது என்பதற்காக வருவதில்லை. இப்போதுதான் உடுக்கைச் சத்தத்தில் உடம்பு சிலிர்த்திருக்கிறது. அதிலிருந்து ஏதாவது ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கை தேடுகிறது. ஆன்லைனில் ஒருவர் நம் பாட்டைக் கேட்டால் நமக்கு வருவது பைசாக் கணக்கு. மேசையில் ஒருவர் வாங்கினால் வருவது நூறு ரூபாய்த் தாள். ஆன்லைனிலும் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வேன் டீசலுக்கு அதை நம்பாதீர்கள்.

இது புதுப் பழக்கமும் அல்ல. மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமாக் கம்பெனி இருந்த ஊர் இது. அந்தக் காலத்தில் சினிமா பார்க்கப் போனவர்கள் கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் வாங்கி வந்தார்கள். திருவிழாக் கடையில் பெரிய எழுத்துக் கதைப் புத்தகம் வாங்கினார்கள். கேட்டதைக் கையில் எடுத்துப் போகும் ஆசை நம் ஜனங்களுக்கு எப்போதும் உண்டு.

அப்ப சி.டி. போடலாமா, பென் டிரைவா, இல்ல கியூஆர் அட்டையா?

நாங்கள் மூன்றும் வைத்திருக்கிறோம். ஆனால் அதிகம் நகர்வது நாலாவதாக ஒன்று: பதினாறு பக்கப் பாட்டுப் புத்தகம். பாடல் வரிகள், யார் யார் வாசித்தார்கள், எந்தக் கோயில் பாட்டு என்பதெல்லாம் உள்ளே. பின் அட்டையில் ஒரு கியூஆர். அதை ஸ்கேன் செய்தால் பாட்டுகள் இறங்கும். வெறும் கியூஆர் அட்டையை நீட்டினால் ‘இதுக்கா நூறு ரூபாய்?’ என்று பார்க்கிறார்கள். அதே கியூஆரைப் புத்தகத்தில் அச்சடித்துக் கொடுத்தால் யோசிக்காமல் வாங்குகிறார்கள். பாட்டு ஒன்றுதான். கையில் பிடிக்க ஒரு பொருள் வேண்டியிருக்கிறது.

பென் டிரைவ் போடுவதானால் சில விஷயங்களைக் கவனியுங்கள். எழுபது நிமிடப் பாட்டு நல்ல தரமான எம்பி3யாக 170 எம்பிகூட வராது. அதனால் 8 ஜிபி தாராளம், பெரியது வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். பழைய கார் ஸ்டீரியோ பலவும் மற்ற முறைகளைப் படிக்காது. ஃபைல் பெயர்களை 01, 02 என்று எண் போட்டு ஆரம்பியுங்கள், இல்லையென்றால் மங்களம் முதலிலும் பிள்ளையார் பாட்டு நடுவிலும் பாடும். ஃபைல் பெயரைத் தமிழில் வைத்தால் சில ஸ்டீரியோவில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள், தமிழ் அட்டையில் இருக்கட்டும். முதல் பென் டிரைவைக் காப்பி செய்ததும் எங்கள் வேன் டிரைவரிடம் கொடுப்பேன். அவர் வண்டியில் இருப்பது பத்து வருடப் பழைய செட். அதில் பாடினால் எதிலும் பாடும்.

சி.டி.யை வயதானவர்களும் கோயில் நிர்வாகத்தினரும் இன்னும் கேட்கிறார்கள். வீட்டிலேயே எழுதுகிற சி.டி.யில் மேல்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிவிடாதீர்கள். பாட்டு பதிவாகியிருக்கும் படலம் அந்த மேல்பக்கத்துக்கு ஒட்டித்தான் இருக்கிறது. கீறினால் போச்சு. மிருதுவான முனையுள்ள மார்க்கர் போதும்.

எத்தனை காப்பி போடறது? முதல்லயே ஆயிரம் போட்டா சல்லிசா வருமாமே?

ஒரு காப்பிக்கு விலை குறையும், சரி. ஆனால் விற்காத எழுநூறு காப்பி கட்டிலுக்கடியில் கிடந்தால் அது குறைந்த விலை அல்ல. தொழிற்சாலையில் அச்சு எடுத்துப் போடும் சி.டி.க்குத்தான் ஐந்நூறு, ஆயிரம் என்று கேட்பார்கள். எழுதுகிற சி.டி., பென் டிரைவ் எல்லாம் ஐம்பது ஐம்பதாகப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பென் டிரைவ், அட்டை, உறை எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 220 ரூபாய் ஆகிறது, 500க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் நிற்பது 280. ஸ்டுடியோவுக்கு 28,000 செலவழித்திருந்தால் நூறாவது காப்பி விற்கும்போதுதான் போட்ட காசு திரும்புகிறது. வருடத்துக்கு எத்தனை கச்சேரி, ஒரு கச்சேரிக்கு எத்தனை விற்கும் என்று இந்த நூறை வைத்து யோசித்துவிட்டு ஸ்டுடியோவுக்குப் போங்கள்.

விலை எவ்வளவு வைக்கட்டும்?

ஒரே தாளில் முடிகிற விலை. நூறு, இருநூறு, ஐந்நூறு. நாங்கள் பாட்டுப் புத்தகம் 100, சி.டி. 200, பென் டிரைவ் 500 என்று வைத்திருக்கிறோம். ஆரம்பத்தில் புத்தகத்துக்கு 120 வைத்திருந்தோம். கச்சேரி முடிந்த கூட்டத்தில் எண்பது ரூபாய்ச் சில்லறைக்குப் பக்கத்துத் தட்டுவடை செட் கடைக்கு ஓடி ஓடி அலுத்துவிட்டது. நான் திரும்பி வருவதற்குள் பின்னால் நின்ற நாலு பேர் போயிருப்பார்கள்.

‘உங்களுக்கு இஷ்டப்பட்டதைக் கொடுங்கள்’ என்று சொல்வதை நான் விரும்புவதில்லை. வாங்குகிறவருக்கு எவ்வளவு கொடுப்பது என்ற சங்கடம் வந்து, பேசாமல் போய்விடுகிறார். விலையைப் பெரிய எழுத்தில் எழுதி நிறுத்துங்கள்.

மேசைய எங்க போடறதுங்க? யாரு உக்காரணும்?

வாசலுக்கும் செருப்புக்கும் நடுவில். கோயில் கச்சேரியில் எல்லாரும் செருப்பு எடுக்க வந்தே ஆக வேண்டும். மேடைக்குப் பக்கத்தில் போட்டால் கூட்டம் எதிர்த்திசையில் போகும்.

உட்காருகிறவர் அன்று மேடையில் இல்லாத ஆளாக இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மங்களம் பாட ஆரம்பித்ததுமே ஜனம் எழுந்துவிடும். பாடகர் வேர்வை துடைத்து, சால்வை வாங்கி, கமிட்டிக்காரரோடு போட்டோ எடுத்துவிட்டு வருவதற்குள் பத்து நிமிடம். விற்பனை நடப்பது அந்தப் பத்து நிமிடத்தில்தான். குழுவில் யாருடைய வீட்டுக்காரரோ, அக்காவோ, காலேஜ் படிக்கும் பிள்ளையோ இருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு பங்கு கொடுத்து உட்கார வையுங்கள். பாடகர் பிறகு மேசைக்கு வந்து இரண்டு வார்த்தை பேசி, புத்தகத்தில் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது.

ஒரு விளக்கு கொண்டுபோங்கள். சார்ஜ் செய்கிற சின்ன விளக்கு போதும். மேடை முடிந்ததும் மைக் செட்காரர் முதலில் அணைப்பது ஃபோகஸ் லைட்டைத்தான். ஒரு முறை கன்னங்குறிச்சிப் பக்கம் இருட்டில் போன் வெளிச்சத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு சில்லறை எண்ணினேன். அன்றிலிருந்து பையில் விளக்கு இல்லாமல் கிளம்புவதில்லை. ஏற்காட்டில் இரவுக் கச்சேரி என்றால் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் வேண்டும். பனி இறங்கினால் அரை மணி நேரத்தில் புத்தக அட்டை நமுத்துச் சுருண்டுவிடும். மேசைமேல் மாதிரிக்கு ஒன்று வைத்து, மிச்சத்தை டப்பாவில் மூடி வையுங்கள்.

மேடையில “வாங்குங்க”ன்னு சொல்றதுக்கு கூச்சமா இருக்குதுங்க. பிச்சை கேக்கற மாதிரி இருக்காதா?

இருக்காது. உங்கள் வேலையின் பலனை விலை சொல்லி விற்கிறீர்கள். கொலுசு செய்கிறவர் செவ்வாய்ப்பேட்டையில் விலை சொல்லக் கூச்சப்படுவதில்லை.

எப்போது சொல்கிறோம் என்பதுதான் முக்கியம். கடைசிப் பாட்டுக்கு முந்தின பாட்டுக்கு முன்னால் சொல்லுங்கள். ஒரே ஒரு தடவை, மூன்று வரியில்: என்ன இருக்கிறது, எவ்வளவு, எங்கே. ஏற்காட்டில் எங்கள் பாடகர் சொல்வது இது: “இப்ப கேட்ட பாட்டு எல்லாம் வாசல்ல பென் டிரைவ்ல இருக்குதுங்க. வண்டில போட்டீங்கன்னா இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கற வரைக்கும் கேட்டுக்கிட்டே போலாம்.” மலையிலிருந்து இறங்க வேண்டியவர்கள் எல்லாரும் சிரித்துவிடுவார்கள். சிரித்தவர்களில் சிலர் மேசைக்கு வருவார்கள்.

ஏற்காட்டுல உள்பக்கம் போனா டவரே இல்ல. ஜிபே எப்படி வாங்கறது?

ஊருக்குள் பரவாயில்லை, எஸ்டேட் பக்கம் போனால் சிரமம். போனதும் மேசை போடும் இடத்தில் நின்று, குழுவில் ஒருவர் உங்களுக்கு ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். போகவில்லை என்றால் மேசையை நாலடி தள்ளிப் போடுங்கள், அல்லது மேடையிலேயே ‘சில்லறையோடு வாங்க’ என்று சொல்லிவிடுங்கள். பத்து, ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்கள் எப்போதும் பையில் இருக்கட்டும்.

பணம் வந்ததைச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டியை மட்டும் நம்பாதீர்கள். பம்பை அடிக்கும்போது அது கத்துவது கேட்காது. ‘அனுப்பிட்டேன்’ என்று காட்டும் போன் திரையையும் நம்ப வேண்டாம். எனக்கு ஒரு முறை பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி இரண்டு பென் டிரைவ் எடுத்துப் போனார்கள். உங்கள் போனில் வங்கிக் கணக்கில் விழுந்ததைப் பார்த்த பிறகு பொருளைக் கொடுங்கள். வாங்குகிறவருடைய வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ வழியாக வரும் பணத்துக்கு 2020 ஜனவரியிலிருந்து விற்பவரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. அதனால் தயங்காமல் வாங்குங்கள்.

விழாக் கமிட்டி, ஓட்டல்காரங்க எல்லாம் விக்கறதுல பங்கு கேட்டா?

முன்பணம் வாங்கும் அன்றே பேசிவிடுங்கள். கோயில் திருவிழாவில் கடை போடும் இடத்தை ஏலம் விட்டிருப்பார்கள். ஏலம் எடுத்தவரிடம் கேட்காமல் மேசை போட்டால் அவருக்குக் கோபம் வருவது நியாயம். அறநிலையத்துறைக் கோயில் வளாகத்துக்குள் என்றால் செயல் அலுவலரிடம் அனுமதி கேளுங்கள். கோடை விழா மாதிரி அரசு விழாவிலும் அப்படித்தான். ஓட்டலில் பங்கு கேட்டால் பத்தில் ஒன்று வரை நான் ஒத்துக்கொள்வேன். அதற்கு மேல் கேட்டால் மேசை போடாமல், பாட்டு மட்டும் பாடிவிட்டு வருவோம்.

சினிமாப் பாட்டு நல்லா பாடுவோங்க. அதையே நாங்க பாடி பதிவு பண்ணி விக்கலாமா?

அனுமதி இல்லாமல் கூடாது. நீங்களே பாடி, நீங்களே வாசித்தாலும், வரியும் மெட்டும் இன்னொருவர் சொத்து. உரிமையாளரிடம் நேராக அனுமதி வாங்கலாம். இல்லையென்றால் 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தில் 31சி என்று ஒரு பிரிவு இருக்கிறது. 2012 திருத்தத்தில் வந்தது. முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து, ராயல்டியும் (உரிமையாளருக்குச் சேர வேண்டிய தொகை) முன்பணமாகக் கட்டினால் மறுபதிவு, அதாவது அதே பாட்டை நாம் பாடிப் புதிதாகப் பதிவு, போடலாம். ஆனால் பாட்டு முதலில் பதிவான வருடம் முடிந்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும். அட்டையில் பழைய பாடகர் பெயரோ படத்தின் பெயரோ வரக் கூடாது. இது மறுபதிவு என்று எழுதியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், ஒவ்வொரு பாட்டுக்கும் வருடத்துக்குக் குறைந்தது 50,000 காப்பிக்கான ராயல்டி கட்ட வேண்டும். நாம் விற்பது இருநூறு. கட்டுப்படியாகாது. சினிமாப் பாட்டை மேடையோடு விடுங்கள்.

கோயில் விழான்னா காப்புரிமையே கெடையாதுன்னு சொல்றாங்களே?

பாதி சரி. உண்மையான சமயச் சடங்கின் பகுதியாகப் பாடுவதற்குச் சட்டம் விலக்கு தருகிறது. கல்யாண ஊர்வலத்துக்கும் அது உண்டு. ஆனால் விலக்கு அந்த இடத்தில் பாடுவதற்குத்தான். அங்கே பாடியதைப் பதிவு செய்து விற்க ஆரம்பித்தால் மேலே சொன்ன பதில்தான் பொருந்தும்.

அப்ப எதைத்தான் பயமில்லாம பதிவு பண்றது?

சொந்தப் பாட்டு. பரம்பரையாக வரும் நாட்டுப்புறப் பாட்டு. எழுதியவர் இறந்து அறுபது வருடம் தாண்டிய பாட்டு. தியாகராஜர் 1847இல் மறைந்தார், அதில் கேள்வியே இல்லை. பாரதியார் பாடல்கள் எப்போதோ பொதுச்சொத்தாகிவிட்டன. ஆனால் பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல்; அவர் பாட்டுகளுக்கு 2033 முடியும்வரை உரிமை இருக்கிறது. கச்சேரிகளில் எல்லாரும் பாடுவதால் பழைய பாட்டு என்று நினைத்துப் பலர் ஏமாறுவது இங்கேதான். பாரதியார் பாட்டிலும் ஒரு சிக்கல் உண்டு: சினிமாவில் வந்த மெட்டில் பாடினால், வரிக்கு அனுமதி வேண்டாம், மெட்டுக்கு வேண்டும்.

நாட்டுப்புறப் பாட்டில் சட்டம் கேட்காத ஒன்றை நான் கேட்பேன். கொங்கு நாட்டுக் கதைப்பாட்டான அண்ணன்மார் கதையில் ஒரு பகுதியை உங்கள் பம்பை வாத்தியார் தன் வழியில் கட்டியிருக்கலாம். அப்படியானால் அது அவர் பாட்டு. சேர்வராயன் மலைக் கிராமங்களில் மலையாளிப் பழங்குடிப் பெரியவர்கள் பாடும் பாட்டுகளை நாங்கள் இரண்டு கற்றிருக்கிறோம். அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் பதிவு செய்தோம். புத்தகத்தில் ஊர்ப் பெயரும் கற்றுக்கொடுத்தவர் பெயரும் இருக்கிறது, விற்பனையில் ஒரு பங்கும் அவர்களுக்குப் போகிறது. பதிவு தயாரானதும் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு மேலே போனோம். கற்றுக்கொடுத்த பாட்டி ஒருவர் புத்தகத்தில் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று பேத்தியை விரல் வைத்துக் காட்டச் சொன்னார். அந்த விரல் இருந்த இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கச்சேரியவே பதிவு பண்ணி விக்கலாமே, ஸ்டுடியோ செலவு மிச்சந்தானே?

செய்யலாம். எங்கள் இரண்டாவது தொகுப்பு அப்படி வந்ததுதான். அம்மாப்பேட்டையில் பகலில் தறிச் சத்தம், வீட்டில் வைத்துப் பதிவு செய்ய முடியாது. மைக் செட்காரரின் மிக்ஸரிலிருந்து (எல்லா மைக்கும் வந்து சேரும் பெட்டி) மட்டும் எடுத்தால் குரல் பக்கத்திலும் பம்பை ஏதோ தூரத்திலும் கேட்கும், ஏனென்றால் பம்பைக்கு மைக்கே வைத்திருக்க மாட்டார்கள். கூட்டத்துக்கு நடுவில் தனியாக ஒரு ரெக்கார்டர் வைத்து இரண்டையும் கலக்க வேண்டும்.

ஆனால் வாசிப்பவர்கள் எல்லாருடைய சம்மதமும் முன்னாலேயே வேண்டும். தான் வாசிப்பதைப் பதிவு செய்ய விடலாமா என்று முடிவு செய்வது சட்டப்படி அந்தக் கலைஞரின் உரிமை. அன்று ஒரு நாள் மட்டும் வந்த தவில்காரருக்கும் அது உண்டு. ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள்.

வாசிச்சவங்களுக்கு எப்படிங்க பங்கு பிரிக்கறது? இதுலதான் எங்க குழுவே உடைஞ்சுது.

முதல் காப்பி விற்கும் முன்னாலேயே பேசினால் உடையாது. எங்கள் வழக்கத்தைச் சொல்கிறேன். பதிவுக்கு யார் காசு போட்டார்களோ, அது திரும்பும்வரை மிச்சம் முழுவதும் அவர்களுக்கு (மேலே சொன்ன நூறு காப்பிக் கணக்கு). அதற்கப்புறம் பதிவில் வாசித்த ஒன்பது பேருக்கும் சமம், மேசைக்கு ஒரு பங்கு, ஆக மொத்தம் பத்து. பாடுகிறவருக்கு அதிகம் வேண்டாமா என்று கேட்பார்கள். கச்சேரிக் காசில் அவருக்கு அதிகம் உண்டு. பதிவில் சிலம்புச் சத்தம் இல்லாமல் அந்தப் பாட்டு நிற்காது. வந்து போன தவில்காரருக்கு அன்றைக்கே ஒரு தொகை பேசிக் கொடுத்துவிட்டோம். அதையும் அந்தத் தாளிலேயே எழுதினோம்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, ஊர், கொண்டுபோனது, திரும்பி வந்தது, இலவசமாகக் கொடுத்தது, கையில் வந்த காசு. வேனில் ஏறும் முன் எழுதி, இரண்டு பேர் கையெழுத்து. இலவசமாகக் கொடுத்ததை எழுத மறக்காதீர்கள். சந்தேகம் அங்கேதான் கிளம்பும்.

அட்டையில கட்டாயம் என்னென்ன போடணும்?

பதிவைத் தயாரித்தவர் பெயர், முகவரி. உரிமையாளர் பெயர், முகவரி. முதலில் வெளியான வருடம். காப்புரிமைச் சட்டம் 52ஏ பிரிவு கேட்பது இதை, போடாமல் வெளியிடுவது குற்றம். காசு போட்டுப் பதிவை நடத்தியவர்தான் தயாரிப்பாளர், ஸ்டுடியோக்காரர் அல்ல. பார்கோடு கடையில் விற்பதற்குத்தான், மேசைக்குத் தேவையில்லை. சட்டம் கேட்காவிட்டாலும் வாசித்த எல்லார் பெயரும், கச்சேரிக்குக் கூப்பிட ஒரு போன் நம்பரும் போடுங்கள்.

ஜி.எஸ்.டி. கட்டணுமா?

பாடுவது சேவை, சி.டி. விற்பது சரக்கு. இரண்டும் செய்கிறவருக்கு வருட மொத்த வரவு 20 லட்சம் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்துகொள்ள வேண்டும். சரக்கு மட்டும் விற்கிறவருக்கான 40 லட்சத்தை நமக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வருமான வரிக்கு மேசைக் காசும் வருமானம்தான். மேலே சொன்ன நோட்டு இதற்கும் உதவும்.

ஒருத்தர் வாங்கி ஊருக்கே வாட்ஸப்ல அனுப்பிடறாரே, வயிறு எரியுதுங்கக்கா.

எனக்கும் எரிந்தது. இப்போது ஒவ்வொரு பாட்டு முடிவிலும் ஐந்து நொடி, குழுவின் பெயரையும் போன் நம்பரையும் எங்கள் பாடகர் குரலிலேயே சேர்த்துவிட்டோம். பாட்டு எங்கே போனாலும் நம்பரும் கூடப் போகிறது. போன வைகாசியில் ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஊரிலிருந்து கச்சேரிக்குக் கூப்பிட்டார்கள். யாரிடம் நம்பர் வாங்கினீர்கள் என்று கேட்டேன். யாரோ அனுப்பிய பாட்டின் கடைசியில் கேட்டதாகச் சொன்னார்கள். அன்று அந்த ஊரில் முப்பத்திரண்டு புத்தகம் விற்றது.

ஒண்ணுகூட விக்காத நாளும் இருக்குமா?

இருக்கும். மழை வந்து கூட்டம் கலைந்த நாள், அன்னதானம் ஆரம்பித்துவிட்ட நாள், பக்கத்து மேடையில் பட்டிமன்றம் நடந்த நாள். நோட்டில் பூஜ்யம் என்று எழுதி, பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள். எங்கள் நோட்டில் அப்படி நாலு பக்கம் புரட்டிப் பார்த்தபோதுதான், அன்னதானம் உள்ள கோயிலில் மேசையைப் பந்தி நடக்கும் மண்டபத்து வாசலுக்கு மாற்ற வேண்டும் என்று புரிந்தது. அடுத்த முறை அங்கேதான் போட்டோம். கை கழுவிவிட்டு வந்தவர்கள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். அதனால் இப்போது மேசையில் ஒரு துண்டும் வைத்திருக்கிறோம்.